திராட்சையின் சாம்பல் நோய்க்கு இரண்டு பெயர்களா?

கேள்வி: திராட்சையில் சாம்பல் நோயை உண்டாக்கும் பூஞ்சையைப் பழைய பாடநூல் 'அன்சினுலா நெகேட்டர்' என்கிறது, புதிய நூலோ 'எரிசைஃபி நெகேட்டர்' என்கிறது. இரண்டும் ஒன்றா? ஒன்றெனில், பழகிப்போன பெயரை ஏன் மாற்றினார்கள்?

பதில்: இரண்டும் ஒரே பூஞ்சைதான், மாறியது அதன் பேரினம். பிரெஞ்சு அறிஞர் லெவெய்யே 1851இல் சாம்பல் நோய்ப் பூஞ்சைகளைப் பிரித்தபோது, பால்வழி இனப்பெருக்கத்தில் தோன்றும், ஏறத்தாழ 0.1 மி.மீ. அளவேயுள்ள கரிய கனியுடலையே அடிப்படையாகக் கொண்டார். உள்ளே வித்துப்பை ஒன்றா பலவா, மேலே உள்ள ஒட்டுறுப்புகள் எந்த வடிவம் என்பவையே அவருடைய அளவுகோல்கள். பல பைகளுடன் வெறும் நூல் போன்ற ஒட்டுறுப்பு இருந்தால் எரிசைஃபி, அதன் நுனி கொக்கியாகச் சுருண்டிருந்தால் அன்சினுலா, கவைகவையாகக் கிளைத்திருந்தால் மைக்ரோஸ்ஃபீரா. இவ்வளவு எளிய முறை ஒன்றரை நூற்றாண்டு நீடித்ததில் வியப்பில்லை.

1990களின் இறுதியில் ரைபோசோம் (உயிரணுவில் புரதம் உருவாக்கும் நுண்ணுறுப்பு) சார்ந்த டி.என்.ஏ.வை, குறிப்பாக ஐ.டி.எஸ். எனப்படும் பகுதியை, இனத்துக்கு இனம் ஒப்பிட்டுப் பார்த்தபோது இந்த எல்லைகள் குலைந்தன. அன்சினுலாவும் மைக்ரோஸ்ஃபீராவும் எரிசைஃபியின் ஒரு பகுதியும் பரிணாம மரத்தின் ஒரே கிளையில் கலந்திருந்தன. எரிசைஃபி என்றே எண்ணப்பட்ட வேறு சில இனங்களோ தொலைவிலுள்ள கிளைகளில் அமைந்தன. ஜெர்மனியின் உவே பிரவுனும் ஜப்பானின் சுசுமு தகமாட்சுவும் 2000இல் அன்சினுலாவையும் மைக்ரோஸ்ஃபீராவையும் எரிசைஃபியில் இணைத்தனர். ஒற்றைப் பை கொண்ட ஸ்ஃபீரோதீக்காவும் அவ்வாறே போடோஸ்ஃபீரா என்னும் பேரினத்தில் அடங்கியது.

கேள்வி: அப்படியானால் நுண்நோக்கியில் கண்டு எழுதியதெல்லாம் பிழையா?

பதில்: கண்டது பிழையன்று, எந்த உறுப்புக்கு முதன்மை தருவது என்பதில்தான் சறுக்கல். கொக்கி போன்ற சிக்கலான ஒட்டுறுப்புகள் பெரும்பாலும் மரங்களிலும் கட்டைத்தன்மையுள்ள கொடிகளிலும் வாழும் இனங்களில் காணப்படுகின்றன. சிறு செடிகளுக்கு இடம்பெயர்ந்த வழித்தோன்றல்களில் அவை எளிய நூல்களாகிவிட்டன. இந்த மாற்றம் தனித்தனியே பலமுறை நிகழ்ந்திருக்கிறது. ஆகவே நூல் போன்ற ஒட்டுறுப்பு உறவுக்குச் சான்றாகாது.

இலையின் மேல் வெண்பொடியாகத் தெரியும் பாலிலா வித்துகளோ மரபணு காட்டும் கிளைகளோடு பெரிதும் ஒத்துப்போகின்றன. எரிசைஃபியில் அவை ஒவ்வொன்றாக முதிர்கின்றன. கோலொவினோமைசஸ் என்னும் வேறொரு பேரினத்தில் சங்கிலியாக அமைகின்றன. போடோஸ்ஃபீராவில் சங்கிலியாக இருப்பதுடன் ஃபைப்ரோசின் என்னும் நுண்துகள்களையும் கொண்டிருக்கின்றன. எளிதில் கிடைக்கும் வெண்பொடியை இரண்டாமிடத்தில் வைத்து, பருவம் பார்த்து மட்டுமே தோன்றும் கனியுடலைத் தேடிக்கொண்டிருந்தது வேடிக்கைதான். இப்பூஞ்சைகள் உயிருள்ள செடியிலன்றி வளராதவை. செயற்கை ஊடகத்தில் வளர்த்துப் பார்க்கவும் வழியில்லை. கனியுடல் கிடைக்காத மாதிரிகளை 'ஆய்டியம்' என்று பொதுவாக எழுதி வைத்தார்கள். இன்று இலையில் சுரண்டியெடுத்த சிறிதளவு பொடியிலிருந்தே டி.என்.ஏ.வைப் பிரித்து அவற்றுக்கும் உரிய இடத்தைக் காண முடிகிறது.

கேள்வி: ஐ.டி.எஸ். பகுதி ஒன்றே போதுமா?

பதில்: பேரினத்தை அறியப் பெரும்பாலும் போதும், நெருங்கிய இனங்களைப் பிரிக்கப் போதாது. புல்வகைகளைத் தாக்கும் புளூமேரியா கிராமினிஸ் நெடுங்காலம் ஒரே இனமாகக் கருதப்பட்டது. பல மரபணுப் பகுதிகளையும் தாக்கப்படும் புல்வகையையும் சேர்த்து ஆராய்ந்து, 2021இல் அதைப் பல இனங்களாகப் பிரித்தனர். கோதுமையில் வாழ்வது பழைய பெயரையே வைத்துக்கொள்ள, பார்லியில் வாழ்வது புளூமேரியா ஹோர்டெய் ஆயிற்று.