எரிமலைகளுக்கு நடுவில் இருக்கிற சின்ன ஊர் ஒன்றைச் சுற்றிப் பார்க்க ஆசை. எங்கே போகலாம்?

புக்கிட்டிங்கிக்குப் போங்கள். இந்தோனேசியாவில், மேற்குச் சுமத்ராவில், ஏறத்தாழ 930 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தெற்கே மராப்பி, சிங்காலாங் என்று இரண்டு எரிமலைகள், இரண்டுமே 2,800 மீட்டருக்கு மேல். விடிந்ததும் பார்த்துவிட வேண்டும். முதல் நாள் நான் அசந்து தூங்கி, ஒன்பது மணிக்கு வெளியே வந்தால் வெறும் மேகம்தான்.

ஊர் நடுவில் 1926ல் டச்சு ஆட்சியில் எழுந்த ஜாம் கடாங் மணிக்கூண்டு. ரோமன் எண்ணில் நான்கை IV என்று எழுதாமல் நான்கு கோடாக (IIII) போட்டிருப்பதை அதிசயமாகக் காட்டுவார்கள். பழைய கடிகாரங்களில் அது சகஜம்! அதன் கூரையைப் பாருங்கள். முதலில் சேவல் உருவத்தோடு உருண்டையாக இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் வந்ததும் அவர்கள் பாணிக்கு மாறியது. விடுதலைக்குப் பின், அந்தப் பகுதி மக்களான மினாங்கபாவ் இனத்தாரின் வீடுகளைப் போல எருமைக் கொம்பாக வளைந்துவிட்டது. அந்த வீடுகளும் பூர்வீக நிலமும் அங்கே தாயிடமிருந்து மகளுக்குத்தான் போகும். இத்தனைக்கும் அவர்கள் முஸ்லிம்கள்.

ஊரை ஒட்டியே சியானோக் பள்ளத்தாக்கு. சுமத்ராவை நெடுக வெட்டிச் செல்லும் நிலப்பிளவின் மேல், இறுகிப்போன எரிமலைச் சாம்பலில் அறுபட்ட செங்குத்துச் சுவர்கள். பலரும் பனோரமா பூங்காவிலிருந்து படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதே பூங்காவில் ஜப்பானிய ராணுவம் கட்டாய வேலையாட்களை வைத்துக் குடைந்த சுரங்கம் இருக்கிறது. உள்ளே எனக்கு அதிக நேரம் நிற்க முடியவில்லை.

நீங்கள் பள்ளத்தாக்கில் இறங்கி, மறுபக்கம் ஏறி, கோத்தோ கடாங் வரை போங்கள். வெள்ளி வேலைக்குப் பேர்போன கிராமம். ரோஹானா குடுஸ் என்ற பெண்மணி 1911ல் பெண்களுக்காக அமாய் செத்தியா என்ற கைத்தொழில் பள்ளியைத் தொடங்கியது இங்கேதான். அடுத்த வருடமே பெண்களுக்கென ஒரு பத்திரிகையும் நடத்தினார்.

சாப்பாட்டுக்குச் சந்தையில் நாசி காப்பாவ், அதாவது சோறும் பலவகைக் குழம்புகளும். அடுக்கடுக்கான பாத்திரங்களுக்குப் பின்னால் உயரமாக உட்கார்ந்திருக்கும் அம்மா, நீளமான அகப்பையால் எட்டி எட்டி எடுத்துப் போடுவார். கறி சாப்பிடாதவர்களுக்குப் பலாக்காய்க் குழம்பு உண்டு, நம் நாக்குக்கு ஒத்துப்போகும்.

அப்புறம், மராப்பியில் ஏறும் ஆசை வேண்டாம். 2023 டிசம்பரில் அது வெடித்தபோது மேலே இருந்தவர்களில் 24 பேர் இறந்தார்கள். ஊரில் இருந்து பார்த்தாலே போதும், காலையில்.