வாசகர் கேள்வி: வேர் நோயும் எதிர்ப்பு விதையும்

கேள்வி: செம்மண் தறையில் கிணற்று நீர் பாய்ச்சித் தக்காளி செய்கிறோம். வேர்முடிச்சைத் தாங்கும் என்று சொல்லி விற்கப்பட்ட கலப்பின விதையைத் தை மாதத்தில் நட்டோம். பங்குனி வரை நன்றாக நின்ற செடிகள் சித்திரையில் சோர்ந்தன. பிடுங்கினால் வேரெல்லாம் முடிச்சு. வேறு சில செடிகள் முடிச்சு எதுவுமின்றிப் பச்சையாகவே வாடி விழுந்தன. விதையில் ஏமாற்றமா, அல்லது இந்தப் பரம்பரையலகு எதிர்ப்பே இவ்வளவுதானா?
வாசகர், கோப்பாய்

பதில்: விதை போலியாக இருந்திருக்கலாம், ஆயினும் தாங்கள் கூறும் அடையாளங்களைப் பார்க்கும்போது, உண்மையான எதிர்ப்பு விதையே சித்திரை வெயிலில் தோற்றிருக்கவும் கூடும். வேர்முடிச்சை உண்டாக்கும் வட்டப்புழுவுக்கு எதிராக இன்று விற்பனையிலுள்ள தக்காளி வர்க்கங்கள் பெரும்பாலும் நம்பியிருப்பது மீ-1 என்ற ஒரே பரம்பரையலகையே. 1940களில் பெரு நாட்டுக் காட்டுத் தக்காளியுடன் கலப்புச் செய்து, விதை முதிராத காரணத்தால் அதன் முளையத்தை ஆய்வுகூடத்தில் வளர்த்தெடுத்து, அந்த எதிர்ப்பைத் தோட்டத் தக்காளிக்குள் கொண்டுவந்தார்கள். 1998 இல் அந்தப் பரம்பரையலகு தனியே பிரித்து இனங்காணப்பட்டது. புழு வேருக்குள் நுழைந்து உணவு உறிஞ்சத் தொடங்கும் இடத்திலுள்ள கலங்களைச் செடி தானே சாகவிடுகிறது. உணவளிக்கும் பெருங்கலங்கள் உருவாகாமையால் புழு பட்டினியில் மடிகிறது.

இந்தப் பொறிமுறை மண் வெப்பநிலை ஏறத்தாழ 28 பாகை செல்சியசைத் தாண்டும்போது தளர்ந்துவிடும். யாழ்ப்பாணத்துச் செம்மண், அதுவும் மூடாக்கு இல்லாத வெறுந்தறை, சித்திரையில் அந்த எல்லையைக் கடந்து நிற்பதில் வியப்பில்லை. வெப்பத்தைத் தாங்கக்கூடிய மீ-9 என்ற இன்னொரு பரம்பரையலகு வேறொரு காட்டுத் தக்காளியில் கண்டறியப்பட்டுள்ளது. ஆனால் அந்த இனத்தைத் தோட்டத் தக்காளியுடன் கலப்பது எளிதன்று. ஆகவே எதிர்ப்பு விதையை நடுவதானால், செடியின் இளம் பருவம் மார்கழி, தைக் குளிர்ச்சியில் கழியும்படி முன்கூட்டி நடுவதும், வைக்கோல் மூடாக்கால் தறையின் சூட்டைத் தணிப்பதும், விதைக்குக் கொடுத்த பணத்துக்குப் பயன் தரும். ஒரே எதிர்ப்பைப் போகந்தோறும் நட்டால், அதை மீறக்கூடிய புழுக்கள் அத்தறையில் பெருகும் என்பதையும் கருத்திற் கொள்ளவேண்டும்.

முடிச்சின்றி வாடிய செடிகள் வேறு கதை. தண்டின் அடியை வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற இழை இறங்கினால் அது ரால்ஸ்டோனியா என்னும் பற்றீரியா தரும் வாடல். மீ-1 இதற்கு எதுவும் செய்யாது. விதைப் பொதியில் ‘என்’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது வட்டப்புழுவுக்கான எதிர்ப்பை மட்டுமே குறிக்கிறது; ‘நோய் தாங்கும்’ என்று பொதுப்படச் சொல்லும் விற்பனையாளரிடம் எந்த நோயை என்று கேட்டே வாங்கவேண்டும். பற்றீரிய வாடலுக்கான எதிர்ப்பு ஒரே பரம்பரையலகில் அடங்குவதில்லை. ஹவாய் 7996 என்ற புகழ்பெற்ற தக்காளியில் அது 6ஆம், 12ஆம் நிறமூர்த்தங்களின் பகுதிகளில் பெரிதும் தங்கியிருப்பதால், பழத்தின் பருமனையும் சுவையையும் இழக்காமல் அதை வேறு வர்க்கத்துக்கு மாற்றுவது இனவிருத்தியாளருக்குக் கடினமான வேலை. அரபிடொப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் செடியின் பரம்பரையலகு ஒன்றைத் தக்காளியில் புகுத்தியதால் இவ்வாடல் குறைந்ததாக 2010 இல் ஆய்வாளர் காட்டினர்; அது நமது விதைக் கடைக்கு வந்த பொருளன்று.

எனது கருத்தில் இன்று கைக்கெட்டும் வழி ஒட்டுதலே. தைவானிலுள்ள உலக மரக்கறி நிலையம், வாடலைத் தாங்கும் கத்தரி வர்க்கங்களை ஒட்டுக்கட்டையாகக் கொண்டு அவற்றின்மேல் தக்காளியை ஒட்டும் முறையை நெடுங்காலமாகப் பரிந்துரைத்து வருகிறது. கத்தரி செய்பவர்கள் வேலியோரச் சுண்டங்காய்ச் செடியையே ஒட்டுக்கட்டையாக்கலாம். வேரின் பரம்பரையலகு வேரோடு நிற்கும். காய் தாங்கள் விரும்பும் வர்க்கத்தின் காயாகவே இருக்கும். ஒட்டிய இடம் மண்ணில் புதையாதவாறு நடவேண்டும், இல்லையேல் மேற்செடி தானே வேர்விட்டு நோயை வாங்கிக்கொள்ளும்.

கேள்வி: வாழையின் பனாமா வாடலுக்குப் பரம்பரையலகு மாற்றிய கன்று வந்துவிட்டதா?
வாசகி, நீர்வேலி

பதில்: அவுஸ்திரேலியாவில், காட்டு வாழையிலிருந்து எடுத்த ஆர்ஜீஏ2 என்ற பரம்பரையலகைக் கவென்டிஷ் வாழையில் புகுத்தி உருவாக்கிய க்யூகாவ்-4 என்ற வர்க்கத்துக்கு 2024 பெப்ரவரியில் அனுமதி கிடைத்தது. அது பனாமா வாடலைத் தரும் பங்கசுகளில் கவென்டிஷைத் தாக்கும் ‘வெப்பவலய 4ஆம் வகை’க்கு எதிராக ஆக்கப்பட்டது. தங்கள் தோட்டத்துக் கதலிக்கு அதனால் இப்போது பயனில்லை. இப்பங்கசு மண்ணில் பல்லாண்டுகள் உயிரோடிருக்கும், கன்றின் கிழங்கோடு ஒட்டிய மண்ணிலும் பயணிக்கும். கன்று வாங்குமுன் தாய்மரம் நின்ற தோட்டத்தை ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள்.