குறைந்த வருமானத்தில் பூனைக்குக் கருத்தடை ஆபரேஷன்: எங்கே போவது, எதைக் கவனிப்பது?

கேள்வி இது: சென்னையில் வாடகை வீடு, மாதம் பதிமூன்றாயிரம் சம்பளம், ஏழு மாதப் பெட்டைப் பூனை. இரவெல்லாம் கத்துகிறது, தெருக் கடுவன்கள் வாசலிலேயே கிடக்கின்றன. பக்கத்து கிளினிக்கில் சொன்ன தொகை கட்டுப்படியாகவில்லை. குறைந்த செலவில் செய்ய வழி உண்டா?

உண்டு. ஆனால் மலிவான இடத்தைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். தள்ளிப்போடும் மாதங்களிலும், ஆபரேஷனுக்கு முந்தின இரவிலும், அடுத்த பத்து நாளிலும் நடக்கிற சின்னப் பிசகுகளில்தான் பணம் அதிகம் கரைகிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் இடம். சென்னையில் இருப்பவர்கள் நேராகப் போகவேண்டியது, 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனைக்கு. அது பயிற்சி மருத்துவமனை. பேராசிரியர்களின் மேற்பார்வையில் பயிற்சி மருத்துவர்களும் வேலை செய்வார்கள். அதை நினைத்துப் பயப்படத் தேவையில்லை. மயக்க மருந்து கொடுக்க ஒருவர், கத்தி பிடிக்க ஒருவர், பார்த்துத் திருத்த ஒருவர் என்று ஆள் இருக்கும் இடம் அது. ஒரே டாக்டர் எல்லாவற்றையும் பார்க்கும் சின்ன கிளினிக்கில் அந்த வசதி இருக்காது. கட்டணம் தனியாரைவிட மிகக் குறைவு. அதற்கு ஈடாக உங்கள் நேரத்தைக் கொடுக்கவேண்டும். போன அன்றே ஆபரேஷன் முடிந்துவிடும் என்று நினைத்துப் போகாதீர்கள். ஓ.பி. சீட்டு போட்டு, பரிசோதனை, தேவைப்பட்டால் ரத்தப் பரிசோதனை, அப்புறம்தான் தேதி கிடைக்கும். இரண்டு மூன்று நடை ஆகும், ஒருநாள் கூலி போகும், சில பொருள்களை வெளியே வாங்கி வரச் சொல்லலாம். இவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெளியூர்க்காரர்களுக்கும் இதே வழிதான். நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி ஆகிய இடங்களில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பக்கத்தில் எது இருக்கிறதோ அதன் சிகிச்சை வளாகத்துக்கு முதலில் போன் செய்து, "பெட்டைப் பூனைக்குக் கருத்தடை, எந்தக் கிழமை, வெறும் வயிற்றில் வரவேண்டுமா?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி ஒரு வீண் பயணத்தை மிச்சப்படுத்தும்.

ஊர்ப்பக்கம் மாட்டாஸ்பத்திரி என்று சொல்கிறோமே, அந்தக் கால்நடை மருந்தகத்தில் பெரும்பாலும் ஒரே டாக்டர், ஆடு மாடுகள்தான் அதிகம். பூனையின் வயிற்றைத் திறக்கும் ஆபரேஷனுக்கு வேண்டிய ஏற்பாடு அங்கே இருக்காமல் போகலாம். அதற்காக அதை ஒதுக்காதீர்கள். பூச்சி மருந்து, காயம், வெறிநாய்க்கடித் தடுப்பூசி எல்லாம் அங்கே பார்த்துக்கொள்ளலாம். ஆபரேஷனுக்கு எங்கே போகவேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். பெரிய ஊர்களில் உள்ள கால்நடைப் பன்முக மருத்துவமனைகளில் வசதி கூடுதல்.

மூன்றாவது வழி, விலங்கு நல அமைப்புகள். சென்னையில் 1959 முதல் இயங்கும் புளூ கிராஸ் ஆஃப் இந்தியா எல்லாருக்கும் தெரிந்தது. இப்படிப்பட்ட இடங்களில் தெரு விலங்குகளுக்குத்தான் முதலிடம். வீட்டுப் பூனை என்றால் காத்திருக்க நேரலாம், கட்டணமும் இருக்கலாம். நீங்கள் சோறு வைக்கும் தெருப் பூனையாக இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு ஆபரேஷன் முடிந்ததும் காது நுனியைக் கொஞ்சம் வெட்டிவிடுவார்கள். மறுபடி யாரும் பிடித்து மயக்க ஊசி போடாமல் இருக்க அந்த அடையாளம்.

தனியார் கிளினிக்கில்தான் செய்யமுடியும் என்ற நிலை வந்தால், மொத்தத் தொகையை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். அதில் மயக்க மருந்து, தையல் நூல், வலி ஊசி, ஆன்டிபயாடிக், காயத்தை நக்காமல் தடுக்கும் கழுத்துப் பட்டை, தையல் பிரிக்கும் நடை எல்லாம் அடங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கம்மி என்று சொன்ன இடத்தில் கடைசியில் பில் கூடிப்போவது இங்கேதான். பட்டையை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். தோலுக்கும் தானே கரையும் நூல் போடச் சொன்னால் ஒரு நடை மிச்சம். வலி ஊசியை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். வலியில் இருக்கும் பூனை சாப்பிடாது, காயத்தை விடாமல் நக்கும், கடைசியில் அதே கிளினிக்குக்குத் திரும்ப ஓடவேண்டிவரும். பணம் புரட்ட முடியவில்லை, இரண்டு தவணையாகத் தரலாமா என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

தள்ளிப்போடுவது ஏன் செலவு என்று சொல்லிவிடுகிறேன். பெட்டை நாலைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். ஒரு வாரம்போலக் கத்தும், தரையில் உருளும், முதுகைத் தடவினால் பின்பக்கத்தைத் தூக்கி வாலை ஒதுக்கும். சேர்க்கை நடக்காவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி தொடங்கும். குளிர்நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் இது ஓய்ந்துவிடும். நம் ஊரில் வருடம் முழுக்க பகல்பொழுது கிட்டத்தட்ட ஒரே அளவு என்பதால் ஓய்வே இல்லை. சினையானால் ஒன்பது வாரத்தில் குட்டி. குட்டிக்குப் பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகிவிடும். சினையோடும் ஆபரேஷன் செய்யலாம், ஆனால் வேலை பெரிது, செலவும் கூடும். கத்திக்கொண்டிருக்கும் நாள்களில் கர்ப்பப்பையில் ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் சில டாக்டர்கள் ஒரு வாரம் கழித்து வரச் சொல்வார்கள். அது அலைக்கழிப்பு இல்லை. அந்த ஒரு வாரம் கதவு ஜன்னலை அடைத்து வைத்துக் காத்திருங்கள். ஏற்கெனவே குட்டி போட்டிருந்தால், குட்டிகள் பால் மறந்து இரண்டு வாரம் கழித்துச் செய்வது நல்லது. அதுவரை கடுவனை அண்டவிடக் கூடாது.

கத்தலை நிறுத்த மாத்திரை இருக்கிறது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது ஹார்மோன் மாத்திரை. தொடர்ந்து கொடுத்தால் கர்ப்பப்பையில் சீழ் கட்டும், பால்மடியில் கட்டி வரும், சர்க்கரை நோயும் வரலாம். சீழ் கட்டிய கர்ப்பப்பையை அவசரமாக எடுப்பதற்கு ஆகும் செலவு சாதாரணக் கருத்தடையைப் போலப் பல மடங்கு. பூனை பிழைப்பதும் உறுதியில்லை. மாறாக, ஒரு வயதுக்குள் கருத்தடை செய்துவிட்டால் மடிப் புற்றுநோய் வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. பூனைக்கு மடியில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய்தான் என்பதால் இது சின்ன லாபம் இல்லை.

ஐந்தாறு மாத வயது, இரண்டு கிலோ எடை என்பதைத்தான் பல இடங்களில் எதிர்பார்ப்பார்கள். எடையை வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம்: கூடையோடு மளிகைக் கடைத் தராசில் வைத்து, கூடையின் எடையைக் கழித்துவிடுங்கள். கூட்டமான மருத்துவமனைக்குப் போகுமுன் ஒரு செலவை மட்டும் தயங்காமல் செய்யச் சொல்வேன்: பூனைகளுக்கான கூட்டுத் தடுப்பூசி. வாந்தியும் பேதியுமாகக் குட்டிகளைக் கொத்தாகக் கொல்லும் பார்வோ வகை வைரஸ், நோயாளிப் பூனைகள் உட்கார்ந்து எழுந்த பெஞ்சிலும் தரையிலும் இருக்கும். முடிந்தால் ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே ஊசி போட்டுவிடுங்கள். முடியாவிட்டால் கூடையைத் தரையில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், துணியால் மூடியே வைத்திருங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாத வயதுக்குமேல். ஜூலை 6 (விலங்குவழி நோய்கள் தினம்), செப்டம்பர் 28 (உலக வெறிநோய் தினம்) ஆகிய நாள்களையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம் நடக்கும், விசாரித்து வையுங்கள்.

முந்தின இரவு. மயக்கத்தில் வாந்தி வந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். வெறும் வயிறு கேட்பது அதற்காகத்தான். ஆறேழு மாதப் பூனை என்றால் இரவு பத்து மணிக்குக் கொஞ்சமாகக் கடைசிச் சாப்பாடு போதும், தண்ணீர் காலைவரை இருக்கலாம். டாக்டர் வேறு நேரம் சொன்னால் அதன்படி. மூன்று மாதக் குட்டியை அப்படி இரவு முழுக்கப் பட்டினி போடக்கூடாது, ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். சாப்பாட்டுத் தட்டை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. பூனை பல்லியைப் பிடித்துத் தின்னும், குப்பைக்கூடையில் மீன் முள்ளைத் தேடும். ஒரு சின்ன அறையில் மண்தட்டோடு அடைத்துவிடுங்கள். தப்பித்தவறிச் சாப்பிட்டுவிட்டால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தேதி தள்ளிப்போகும், உயிர் போகாது.

தூக்கிப்போக அட்டைப்பெட்டி வேண்டாம். வழியில் மூத்திரம் பெய்தால் அடி கழன்று, நடுரோட்டில் பூனை ஓடிவிடும். ஒரே அளவில் இரண்டு பிளாஸ்டிக் துணிக்கூடைகளை வாங்கி, ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்து, சுற்றிலும் ஆறு இடத்தில் கயிற்றாலோ கேபிள் டையாலோ இறுக்கிக் கட்டுங்கள். உள்ளே பழைய துண்டு. பயப்படும் பூனையை முதலில் தலையணை உறைக்குள் விட்டு, அதோடு கூடைக்குள் வைத்தால் கையில் கீறல் விழாது. கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம்.

வீட்டுக்கு வந்த அன்று பூனை கண்ணைத் திறந்தபடியே கிடக்கும், தள்ளாடும். கட்டிலில் விடாதீர்கள், விழுந்துவிடும். உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்பதால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள், மேலேயே படவேண்டாம். தலையை நேராகப் பிடித்து நிற்க ஆரம்பித்த பிறகு இரண்டு ஸ்பூன் சாப்பாடு. ஈறு வெளுத்து, வயிறு உப்பி, உடம்பு சில்லிட்டு, எழுப்பினாலும் எழாமல் இருந்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள். விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது.

அடுத்த பத்து நாளில் காயத்தைக் கெடுப்பது நாக்கு. பூனையின் நாக்கு அரம் மாதிரி, ஒரே ராத்திரியில் தையலைப் பிரித்துவிடும். கழுத்துப் பட்டைக்குப் பழைய எக்ஸ்ரே பிலிமை வட்டமாக வெட்டி, நடுவில் கழுத்தளவு ஓட்டை போட்டு, ஒரு பக்கம் கீறிக் கூம்பாகச் சுருட்டி, ஓரம் முழுக்க பஞ்சு டேப் ஒட்டுங்கள். மூக்கு நுனியைத் தாண்டி இரண்டு விரற்கடை நீண்டிருக்கவேண்டும்; குறைந்தால் பயனில்லை. கூம்பு போட்டால் சாப்பிடாத பூனைக்கு முழுக்கை டி-ஷர்ட்டின் கையைத் தலையிலிருந்து வாலடிவரை வரும் அளவுக்கு வெட்டி, கால்களுக்கு நாலு ஓட்டை போட்டு மாட்டிவிடலாம். பின்பக்கம் திறந்திருக்கட்டும், இல்லாவிட்டால் மூத்திரத்தில் துணி நனைந்து காயம் புண்ணாகும். மண்தட்டில் மண்ணுக்குப் பதில் கிழித்த நியூஸ்பேப்பர் போடுங்கள். குளிப்பாட்டவேண்டாம், மஞ்சள், சாம்பல், டெட்டால் எதுவும் வேண்டாம். டெட்டால் பூனைக்கு விஷம். தையல் ஓரம் லேசாகத் தடித்திருந்தால் பயமில்லை. நீர் கசிந்தாலோ, நாறினாலோ, தையல் வாய் திறந்தாலோ அன்றே காட்டுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். வலிக்கிறதே பாவம் என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். அரை மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். அதை முறிக்கும் சக்தி அதன் ஈரலுக்கு இல்லை. மனிதர்களின் வேறு வலி மாத்திரைகளும் அப்படியே. டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதினால் மருந்தின் பொதுப்பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். மனிதர்களுக்கும் விற்கும் மருந்தாக இருந்தால் மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ விலை குறைவாகக் கிடைக்கலாம். அளவு மட்டும் டாக்டர் சொன்னதுதான்.

கடுவன் என்றால் எல்லாமே சுலபம். வயிற்றைத் திறக்கவேண்டியதில்லை, சில நிமிட வேலை, செலவும் குறைவு. ஆனால் அதன்பிறகும் சில வாரம் அதற்குச் சினைப்படுத்தும் திறன் இருக்கும். வீட்டில் பெட்டையும் இருந்தால் ஆறு வாரம் பிரித்து வையுங்கள்.

மருத்துவமனைச் சீட்டைத் தூக்கிப்போடாதீர்கள். கருத்தடை செய்த பெட்டை சில மாதம் கழித்து மறுபடி அதேபோல உருண்டு கத்தினால், சினைப்பையின் துணுக்கு உள்ளே தங்கியிருக்கலாம். கத்துகிற நாளிலேயே வீடியோ எடுத்துக்கொண்டு, அந்தச் சீட்டோடு, செய்த இடத்துக்கே கொண்டுபோங்கள். அப்போதுதான் கண்டுபிடிப்பது எளிது.