கீமோ முடிந்து புற்றணு தெரியவில்லை என்றார்கள். பிறகு பிளினாட்டுமோமாப் என்ற மருந்து எதற்கு?

மைக்ரோஸ்கோப்பில் தெரியாவிட்டாலும், பத்தாயிரம் செல்லில் ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்கும் சோதனையில் எலும்பு மஜ்ஜையில் சில புற்றணுக்கள் சிக்கலாம். இதுதான் எஞ்சிய நோய். கோரையை மேலாக அறுத்துவிட்டுக் கிழங்கை மண்ணில் விட்டது மாதிரி, திரும்ப முளைக்கும்.

பி-செல் என்ற வெள்ளணுவில் வரும் ஏ.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோயில் இந்த எச்சத்துக்கென்றே 2018இல் அமெரிக்காவில் பிளினாட்டுமோமாப் அனுமதி பெற்றது. கீமோ, வேகமாகப் பெருகும் செல்களையெல்லாம் தாக்கும். பிளினாட்டுமோமாப் அப்படியில்லை. அதன் ஒரு முனை புற்றணுவின் மேலுள்ள சிடி19 புரதத்தைப் பிடிக்கும். மறுமுனை நம்முடைய டி-செல்லை, அதாவது நோயை எதிர்க்கும் இன்னொரு வெள்ளணுவை, இழுத்து வரும். அப்புறம் கொல்வது டி-செல்தான். மருந்து உடம்பில் சில மணி நேரமே தங்கும் என்பதால், சிறிய பம்ப் வழியாக 28 நாள் விடாமல் ஏற்றுவார்கள். கொஞ்சம் பொறுமை வேண்டும்.

குறிவைத்த மருந்து என்பதால் பக்கவிளைவே இருக்காது என்று நினைப்பது தப்பு: கிருமியை எதிர்க்க உதவும் நல்ல பி-செல்களிலும் சிடி19 உண்டு, அவையும் அழிவதால் தொற்று எளிதில் வரும்.