டிராக் ஸ்டிரிப்பில் (நேர்கோட்டு வேகப் போட்டிப் பாதை) மட்டும் ஓட்டும் என் முதல் தலைமுறை ஹயபூசா பைக்கில், கூடுதல் சக்திக்காக இன்ஜினுக்குள் விடும் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவோடு, காற்றழுத்தத்தால் கியர் மாற்றும் ஏர் ஷிஃப்டரும் போட்டிருக்கிறேன். நைட்ரஸுக்கு ட்ரை கிட், கியர் மாறும்போது பெட்ரோலை நிறுத்தும் கில். கியர் மாறும் நொடியில் நைட்ரஸை நிறுத்த வேண்டுமா? நைட்ரஸ் பாட்டிலிலிருந்தே ஷிஃப்டருக்கும் அழுத்தம் எடுக்கலாமா?

கியர் மாறும் கணத்தில் இன்ஜினைத் தளர்த்த ஏர் ஷிஃப்டர் எதைக் கட் செய்கிறது என்பதைப் பொறுத்தது. ஸ்பார்க்கைக் கட் செய்தால் நைட்ரஸ் ஓடிக்கொண்டிருக்கலாம், பெரிய பிரச்சினை இல்லை. பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கட் செய்தால் நைட்ரஸை அந்த பைக்கில் திறக்கவே கூடாது. நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது வகை: முதல் தலைமுறை ஹயபூசா, டிராக் ஸ்டிரிப்பில் மட்டும் ஓட்டம், ட்ரை கிட் (நைட்ரஸை மட்டும் தனியாக விடும் அமைப்பு), பெட்ரோலை நிறுத்தும் கில் (இன்ஜினைக் கண நேரம் நிறுத்தும் அமைப்பு). ஆகவே முதலில் அதை மாற்றுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

அமெரிக்காவில் ஜார்ஜியாவில் இருந்த வருடங்களில் வார இறுதிகளில் ஒரு டிராக் பைக் குழுவுக்கு வயரிங் வேலை செய்து கொடுத்தேன். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

ஏர் ஷிஃப்டர் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஹாரன் பட்டனை அழுத்தினால் ஒரு வால்வு திறக்கும், அடைத்து வைத்த காற்று சிலிண்டருக்குள் பாய்ந்து கியர் லீவரைத் தள்ளும். பலர் ஸ்விங் ஆர்மையே காற்றுத் தொட்டியாக்கி வைத்திருப்பார்கள். அதே பட்டன் கில் மாட்யூலையும் எழுப்பி, இன்ஜினைக் கண நேரம் செத்துப்போக வைக்கும். இந்தக் கில் இல்லாவிட்டால் கியர் கழலாது. கியர்களின் பக்கவாட்டில் இருக்கும் டாக் என்ற முட்டுகள் இன்ஜினின் இழுவையில் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கும். அந்த இழுவை தளர்ந்தால்தான் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகரும். நல்ல டிராக் கியர்பாக்ஸில் டாக்குகளின் ஓரத்தை உள்நோக்கிச் சாய்த்து வெட்டியிருப்பார்கள். பிடித்தால் விடாது என்பதால் அங்கே கில் சுத்தமாக இருப்பது இன்னும் முக்கியம்.

கில் 60 மில்லி செகண்ட் என்று வைத்துக்கொள்வோம். 10,000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 6 மில்லி செகண்ட், ஆக 10 சுற்று. நான்கு சிலிண்டர் இன்ஜினில் சுற்றுக்கு இரண்டு முறை எரிய வேண்டும், எனவே சுமார் 20 எரிப்புகள் விட்டுப்போகின்றன. ஸ்பார்க் கில்லில் அந்த 20 சிலிண்டர் கலவையும் எரியாமல் சைலன்சர் வழியே வெளியே போகும். படார் என்று சத்தம் வரும். திறந்த ரேஸ் பைப் என்றால் சத்தத்தோடு முடிந்தது. கம்பெனி சைலன்சரும் கேட்டலிட்டிக் கன்வர்டரும் இருந்தால் அவை தாங்காது. ஆனால் ஸ்பார்க் திரும்பும்போது காற்று, பெட்ரோல், நைட்ரஸ் மூன்றும் பழைய விகிதத்திலேயே இருக்கும். பிஸ்டனுக்கு வேண்டியது அதுதான்.

இப்போது பெட்ரோலை நிறுத்தும் கில்லைப் பாருங்கள். நைட்ரஸ் ஆக்சைடில் எடையளவில் 36 சதவீதம் ஆக்சிஜன், காற்றில் 23 தான். ட்ரை கிட்டில் கூடுதல் பெட்ரோலும் பைக்கின் சொந்த இன்ஜெக்டர் வழியாகவே வருகிறது. இன்ஜெக்டர் நின்றதும் நைட்ரஸ் மட்டும் தனியாக உள்ளே போகும், ஸ்பார்க்கோ அடித்துக்கொண்டே இருக்கும். நடுவில் பெட்ரோலே இல்லாத சிலிண்டர் எரியாது, சரி. தொடக்கத்திலும் முடிவிலும் தான் ஆபத்து. காற்று உள்ளே போகும் வழியான போர்ட்டின் சுவரில் ஒட்டிய பெட்ரோல் ஈரமும், பாதி மட்டும் தெளித்த இன்ஜெக்டரும் சேர்ந்து, கொஞ்சம் பெட்ரோலும் ஏகப்பட்ட ஆக்சிஜனும் கலந்த ஒரு லீன் கலவை எரியும். ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒவ்வொரு ஷிஃப்டிலும் இது நடக்கும். எக்ஸாஸ்ட் பக்க ஓரம் உருகி, மேல் ரிங் பள்ளம் வரை அரித்துப்போன ஒரு பிஸ்டனை இந்தக் காரணத்தால் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். வெட் கிட் போட்டாலும் தப்பிக்க முடியாது. நைட்ரஸுக்கு உரிய பெட்ரோல் தனி சொலினாய்டில் (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு) வந்துகொண்டே இருப்பதால் இன்ஜின் அரைகுறையாக எரியும், டாக்கும் சரியாகத் தளராது. பியூயல் ட்யூனிங் பெட்டியோடு வரும் குவிக்ஷிஃப்டர் (கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்ற உதவும்) வசதிகளில் பல இன்ஜெக்டரைத்தான் கட் செய்கின்றன. நைட்ரஸ் இல்லாத பைக்கில் அவை அருமையாக வேலை செய்யும்.

இதே கண்ணி இன்னொரு இடத்திலும் இருக்கிறது, அதை யாரும் யோசிப்பதில்லை. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் நியூட்ரல். காற்றழுத்தம் குறைந்தாலோ லீவர் அளவு சரியில்லாமல் இருந்தாலோ ஷிஃப்ட் நியூட்ரலில் விழும். த்ராட்டில் முழுசாகத் திறந்து நைட்ரஸும் ஓடும் இன்ஜினுக்குச் சுமையே இல்லையென்றால் கண் இமைக்குமுன், வேக வரம்பைத் தாண்டாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டரில் போய் முட்டும். அந்த லிமிட்டர் பெட்ரோலை நிறுத்தும் வகையாக இருந்தால் மறுபடியும் அதே லீன் கதை. அதனால் லிமிட்டருக்கு முன்பே நைட்ரஸை மூடும் ஆர்பிஎம் சுவிட்ச் கட்டாயம். நான் பார்த்தவர்களில் கவனமானவர்கள் இரண்டாவது கியர் விழுந்த பிறகுதான் நைட்ரஸைத் திறப்பார்கள். முதல் கியரில் முன்சக்கரம் தூக்கும் தொல்லையும் அதோடு குறையும்.

ஷிஃப்டின்போது ரிலே வைத்து நைட்ரஸ் சொலினாய்டையும் மூடலாமே என்று கேட்பீர்கள். செய்பவர்கள் உண்டு, எனக்குப் பிடிக்காது. சொலினாய்டு மூடித் திறக்க நேரம் எடுக்கும், குழாயில் மிச்சம் இருப்பதும் வந்துகொண்டிருக்கும். திரும்பத் திறக்கும்போது வெட் கிட்டில் நைட்ரஸும் பெட்ரோலும் ஒரே கணத்தில் வந்து சேராது. குறைவான கில் நேரத்தில் அப்படியே ஓடவிடுவதுதான் சீரானது. நைட்ரஸைப் படிப்படியாகக் கூட்டும் புரோகிரஸிவ் கன்ட்ரோலர் வைத்திருந்தால், பட்டனை அழுத்தும்போதெல்லாம் அது மறுபடி அடியிலிருந்து ஏறத் தொடங்காமல், விட்ட இடத்தைப் பிடித்து வைத்திருக்கும்படி அமையுங்கள்.

நைட்ரஸ் பாட்டிலிலிருந்தே ஷிஃப்டருக்கும் அழுத்தம் எடுக்கும் யோசனையை நீங்களும் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஷிஃப்டரின் சிலிண்டருக்குள் எண்ணெய் இருக்கும். எரிவதை வேகப்படுத்தும் வாயுவை எண்ணெயோடு சேர்த்து அடைக்கக் கூடாது. காற்றுக்கு என்ன குறை?

பாட்டிலைப் பற்றி ஒன்று. நைட்ரஸ் 36.4 டிகிரி செல்சியஸுக்கு மேல் திரவமாக இருக்கவே முடியாது. ஓட்டத்துக்குப் பாட்டில் அழுத்தத்தை 900 முதல் 950 பிஎஸ்ஐ வரை வைத்துக்கொள்வார்கள். 21 டிகிரியில் அது 760 அளவில்தான் இருக்கும், அதனால் அமெரிக்காவில் குளிர்ந்த நாட்களில் ஹீட்டர் சுற்றுவார்கள். சென்னை மே மாதத்தில் உங்களுக்கு எதிர்ப்பிரச்சினை. வெயிலில் விட்ட பாட்டில் ஆயிரத்தைத் தாண்டும். நைட்ரஸ் பாயும் துளையான ஜெட்டின் அளவு அப்படியே இருக்க, பாயும் அளவு மாறும், கலவை தடம் புரளும். நிழலும் ஈரத்துணியும் போதும், கேஜைப் பார்த்த பிறகு மட்டும் வரிசையில் நில்லுங்கள்.

உங்கள் மாட்யூலில் ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் காயிலுக்குப் போகும் வயரில் கில் எடுக்க வழி இருந்தால் அப்படி மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் இக்னிஷன் கில் மாட்யூல் ஒன்று தனியாக வாங்குங்கள். நைட்ரஸ் சொலினாய்டுகளுக்குத் தனி ரிலே, தனி எர்த், குறுக்கே ஒரு டயோடு. சொலினாய்டுகள் மூடும்போது திடீரென எழும் மின்னழுத்தத்தில் கில் மாட்யூல் தானாக உசுப்பப்படுவதைப் பார்த்திருக்கிறேன். பிறகு பாட்டிலை மூடி வைத்து ஷிஃப்டரை மட்டும் ஓட்டிப் பாருங்கள். ஐந்து ஷிஃப்டும் நியூட்ரலில் தட்டாமல் விழும்வரை கில் நேரத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யுங்கள். அது முடிந்த பிறகு, இருப்பதிலேயே சிறிய ஜெட்டோடு பாட்டிலைத் திறக்கலாம்.