சுத்தம் செய்தும் நிரம்பும் சி டிரைவ்: குறித்து வைத்தால் பயன் உண்டா?

கேள்வி: கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். கணினியில் 256 ஜிபி டிஸ்க். மாதாமாதம் சுத்தம் செய்தும் சி டிரைவ் நிரம்பிச் சிவப்பாகிவிடுகிறது. எதை அழித்தேன் என்று எழுதி வைத்தால் உதவுமா?

பதில்: உதவும். ஆனால் அழித்ததைவிட, திரும்பி வந்ததைத்தான் முக்கியமாக எழுத வேண்டும்.

கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, தொடங்கும்போது காலி இடம், ஒவ்வொரு வகைக் கோப்பிலும் எத்தனை ஜிபி போனது, முடிந்தபின் காலி இடம். ஒரு வாரம் கழித்துக் காலி இடத்தையும், எந்த வகை மறுபடி வளர்ந்தது என்பதையும் பார்த்துக் குறியுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். (256 ஜிபி டிஸ்க்கை விண்டோஸ் 238 என்றுதான் காட்டும். கணக்கிடும் முறை வேறு, பயப்பட வேண்டாம்.)

பிரவுசர் கேஷ் (இணையப் பக்கங்களின் தற்காலிகச் சேமிப்பு), படங்களின் தம்ப்நெயில் (சின்ன முன்னோட்டப் படம்) இரண்டும் சில நாளில் பழைய அளவுக்கு வந்துவிடும். நோட்டில் அப்படித் தெரிந்தால் அவற்றைத் தொடாதீர்கள், வீண் வேலை. விண்டோஸின் பெரிய அப்டேட்டுக்குப் பின் சுத்தம் செய்தால் பல ஜிபி ஒரே மூச்சில் காலியாகும். அது பழைய விண்டோஸின் நகல், பொதுவாக 10 நாளில் தானாகவே போய்விடும். பக்கத்தில் ‘ஒரு தடவை’ என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதமும் அதையே எதிர்பார்ப்பீர்கள்.

உங்கள் தொழிலில் நான் சந்தேகப்படுவது போட்டோஷாப்பை. வேலை நடக்கும்போது அது பெரிய தற்காலிகக் கோப்புகளை உருவாக்கும். மூடும்போது அழித்துவிடும், நடுவில் முடங்கினால் அப்படியே கிடக்கும். அதனால் போட்டோஷாப் முடங்கிய நாளையும் குறியுங்கள். தற்காலிகக் கோப்பு வீங்கிய மாதங்களோடு அது ஒத்துப்போனால், அதன் ஸ்கிராட்ச் டிஸ்க்கை (தற்காலிகக் கோப்புகளை வைக்கும் இடம்) வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிடலாம்.

அப்புறம், நோட்டில் ‘அழித்தபின் தேடியது’ என்று ஒரு கட்டம் போடுங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் தற்காலிகக் கோப்புப் பட்டியலிலேயே டவுன்லோட்ஸும் நிற்கும். வாடிக்கையாளர் அனுப்பிய மாப்பிள்ளை, பெண் படங்கள் அதற்குள் இருந்தால் கதை முடிந்தது. டவுன்லோட்ஸை டிக் செய்யாதீர்கள்.

மூன்று மாதக் குறிப்பில் வளர்வது டிசைன் கோப்புகள்தான் என்று தெரிந்தால், சுத்தம் செய்து பயனில்லை. கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவில் வெளி டிஸ்க் வாங்குங்கள். எவ்வளவு பெரியது என்பதை நோட்டே சொல்லும்: மாதம் 8 ஜிபி வளர்ந்தால் 1 டிபி பல வருடம் தாங்கும். அதே பணத்தில் சின்னதாக இரண்டு கிடைத்தால் இரண்டாக வாங்கி, இரண்டிலும் நகல் வையுங்கள்.