சீரியல் லைட்டும் ஓர் அருவியும்

அன்புள்ள சார்,

நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு சின்ன வீடியோ கேம் செய்துகொண்டிருக்கிறோம். பின்னணிப் படங்கள் என் பொறுப்பு. பழைய கேம் போன்ற தோற்றம் வேண்டும் என்பதால் ஓர் அருவியின் போட்டோவை, படத்தைப் பெரிய பிக்சல் சதுரங்களாக மாற்றும் பிக்சலேட் ஃபில்டரில் போட்டு, தண்ணீரை மட்டும் கையால் 24 ஃபிரேம் வரைந்தேன். மூன்று வாரம் ஆனது. பார்த்தவர்கள் "நெட் ஸ்லோவா இருக்கும்போது ஓடுற வீடியோ மாதிரி இருக்கு" என்கிறார்கள். படத்தை இணைத்திருக்கிறேன். இன்னொரு கேள்வி. இன்றைக்குக் கோடிக்கணக்கான நிறங்கள் கையில் இருக்கும்போது 16 நிறத்துக்குள்ளேயே வரைய வேண்டும் என்பதெல்லாம் வெறும் பழம்பெருமைதானே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர்கள் சொன்னது சரிதான். ஆனால் பாறைமேல் குடையோடு உட்கார்ந்திருக்கும் அந்தச் சிறுவன் நன்றாக வந்திருக்கிறான். அவனை நீங்கள் ஒவ்வொரு பிக்சலாக யோசித்து வைத்திருக்கிறீர்கள். அவனுக்குப் பின்னால் இருக்கும் மலையை ஃபில்டர் வைத்திருக்கிறது. ஃபில்டருக்குத் தெரிந்தது சராசரி எடுப்பது மட்டும்தான். மலையில் எத்தனை பச்சை என்று எண்ணிப் பார்த்தேன், 600க்கு மேல் போகிறது. எது மரம், எது நிழல் என்று அதில் யாரும் முடிவு செய்யவில்லை.

சரி, அருவிக்கு வருகிறேன். கோயில் திருவிழாவில் சீரியல் லைட் தோரணம் பார்த்திருப்பீர்கள். வெளிச்சம் ஓடும், ஆனால் ஒரு பல்பும் இடம் மாறாது. பழைய கேம்களில் பல அருவிகள் ஓடியது இப்படித்தான்.

90களின் தொடக்கத்தில் பிசி கேம்கள் பெரும்பாலும் ஓடிய விஜிஏ என்ற திரைக்காட்சி முறையை எடுத்துக்கொள்ளுங்கள். திரை 320க்கு 200, அதாவது 64,000 பிக்சல். ஒவ்வொரு பிக்சலிலும் இருப்பது நிறம் அல்ல, 0 முதல் 255 வரை ஓர் எண். எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பது பேலட் என்ற தனிப் பட்டியலில் இருக்கும். அருவிக்கு 8 நீலங்களை ஒதுக்கி, மேலிருந்து கீழாக 1, 2, 3 என்று 8 வரை வரிசையாக, திரும்பத் திரும்ப வரைந்துவிடுகிறீர்கள். அப்புறம் படத்தைத் தொடவே வேண்டாம். பட்டியலில் அந்த 8 நிறங்களை மட்டும் ஒவ்வோர் இடமாகத் தள்ளிக்கொண்டே இருந்தால், வெளிர்நீலக் கீற்று கீழே இறங்குவதாகக் கண் நம்பிவிடும். முழுப் படத்தையும் மாற்றி எழுத 64,000 பைட் வேண்டும். இதற்கு நிறத்துக்கு 3 பைட் வீதம் 24 பைட் போதும்.

இதற்குப் பெயர் வண்ணச் சுழற்சி. அமிகா கணினிக்கு 1985இல் வந்த டீலக்ஸ் பெயின்ட் மென்பொருளிலேயே இந்த வசதி உண்டு. இதைக் கலையாக்கியவர்களில் முக்கியமானவர் மார்க் ஃபெராரி. கலர் பென்சில் ஓவியராக இருந்து லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் என்ற கேம் நிறுவனத்துக்கு வந்தவர். அவருடைய பிற்கால நிலக்காட்சிகளில் மழையும் ஓடையும் நகர்வதோடு, பேலட்டை மட்டும் மாற்றி ஒரே படத்தை விடியற்காலையாகவும் அந்தியாகவும் நள்ளிரவாகவும் காட்டியிருப்பார். இன்றும் இணையத்தில் அவை ஓடுகின்றன. பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

இப்போது உங்கள் பழம்பெருமைக் கேள்வி. பாதி ஒப்புக்கொள்கிறேன். நின்டெண்டோவின் என்.இ.எஸ். என்ற பழைய வீடியோ கேம் கருவியில் பின்னணிக்கு ஒரே நேரத்தில் 13 நிறம்தான். அதிலும் 16க்கு 16 பிக்சல் கட்டம் ஒன்றுக்கு 4 நிறத்துக்கு மேல் கிடையாது. 1985இல் வந்த சூப்பர் மரியோவில் மேகத்தையும் புதரையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே வடிவம், நிறம்தான் வேறு. இடமில்லாத கொடுமையில் செய்தது அது. அதை அப்படியே நகலெடுக்க வேண்டும் என்று யாரும் விரதம் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. 2014இல் வந்த ஷவல் நைட் என்ற கேம் என்.இ.எஸ். கேம் மாதிரியே தெரியும், ஆனால் அந்தக் கருவியில் ஓடாது. பல அடுக்குப் பின்னணி, அகலத் திரை என்று விதிகளை எங்கெங்கே மீறலாம் என்று பார்த்துப் பார்த்து மீறியிருக்கிறார்கள்.

மீதிப் பாதியை ஒப்புக்கொள்ள மாட்டேன். 16 நிறம்தான் என்றால் மலையின் நிழலுக்கும் சிறுவனின் தலைமுடிக்கும் ஒரே கருநீலத்தைப் போட வேண்டிவரும். அப்படிப் போட்டால்தான் இருவரும் ஒரே வெளிச்சத்தில் நிற்பதாகத் தெரியும். உங்கள் படத்தில் சிறுவன் ஒட்டவைத்த ஸ்டிக்கர் மாதிரி இருப்பதற்குக் காரணம் வேறெதுவும் இல்லை.

செய்முறைக்கு வருகிறேன். 320க்கு 180 அளவில் வரையுங்கள். 6 மடங்கு பெருக்கினால் சரியாக 1920க்கு 1080 வரும். நீங்கள் இப்போது செய்திருப்பதுபோல் மலைக்கு ஒரு அளவு பிக்சல், சிறுவனுக்கு வேறு அளவு பிக்சல் என்று கலக்காதீர்கள். அது எனக்கு அரிசியில் கல் மாதிரி. கேமை ஓட்டும் எஞ்சின் மென்பொருளில் டெக்ஸ்சர் ஃபில்டரை, பெருக்கும்போது பக்கத்து நிறங்களைக் கலக்காத 'நியரஸ்ட்' என்று வைக்காவிட்டால் எல்லாம் மொழுமொழுவென்று ஆகிவிடும். வண்ணச் சுழற்சியை இன்றைய எஞ்சின்கள் தானாகச் செய்யாது. அருவியைச் சாம்பல் நிறப் படிகளில் வரைந்து, எந்தப் படிக்கு எந்த நீலம் என்பதை ஒரு சின்ன ஷேடரில், அதாவது பிக்சலின் நிறத்தை முடிவு செய்யும் குட்டி நிரலில், வைத்துச் சுழற்றுங்கள். உங்கள் நண்பர்களில் நிரல் எழுதுபவருக்கு அது அரைநாள் வேலை.

இன்னொரு தந்திரம். அருவிக்கு 8 படி, புகைக்கும் 8 படி என்று வைத்தால் இரண்டும் ஒன்றாகத் திரும்பி வரும், கண் பிடித்துவிடும். அருவி 7, புகை 11, புல் 5 என்று வையுங்கள். மூன்றும் மறுபடி ஒன்றாகத் தொடங்க 385 முறை தள்ள வேண்டும். வரைவது என்னவோ கொஞ்சம்தான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சில வருடம் முன்பு ஒரு கேமுக்காக மழையில் நனையும் பேருந்து நிலையம் வரைந்தேன். மழை, டியூப்லைட், டீக்கடை ஆவி, தேங்கிய தண்ணீரில் வளையம், போஸ்டர் படபடப்பு, ஆட்டோ வைப்பர், எல்லாம் அசைந்தன. எனக்கு ஒரே பெருமை. விளையாடிப் பார்த்தவர் கேட்டார்: "சார், இதுல ஹீரோ எங்க நிக்கிறான்?" இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நிறுத்தினேன். ஆவியும் டியூப்லைட்டும் மட்டும் முழுசாக மிஞ்சின. மழைகூடப் பாதியானது. வைப்பரை எடுக்கத்தான் மனசு வரவில்லை. ஆனாலும் எடுத்தேன்.

உங்கள் படத்தில் அருவி ஓடினால் போதும், மலை சும்மா நிற்கட்டும். மலையை மறுபடி 5 பச்சையில் வரைந்து அனுப்புங்கள். சிறுவனைத் தொடாதீர்கள். ஆசையாக இருந்தால் நான்கு விநாடிக்கு ஒருமுறை குடையை லேசாகச் சாய்க்கட்டும். இரண்டு ஃபிரேம் போதும்.